பெயர் கேட்கக் கூடாத பூ

பச்சிலை மருந்து கொடுப்பவரிடம் அதன் பெயரைக் கேட்கக் கூடாது என்று நம் வயதுக்காரர்களுக்கு யாராவது ஒருவர் சொல்லியிருப்பார். கேட்டால் பலிக்காது. கொடுப்பவரே வாய் தவறிச் சொன்னாலும் பலிக்காது. கொச்சியில், எங்கள் மட்டாஞ்சேரியில், இந்த வகை மருந்தை ஒற்றமூலி என்பார்கள். ஒரே ஒரு செடி; அது எந்தச் செடி என்பது ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். இப்போது இதைச் சொன்னால் இளையவர்கள் சிரிக்கிறார்கள். எழுபதுகளின் பிற்பகுதியில், ஓர் ஐப்பசி மாதத்தில், எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

நாங்கள் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். எதிரே சுக்குக் கிடங்கு. அப்பாவுக்கு அங்கேதான் வேலை. இஞ்சியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி முற்றத்தில் உலர்த்துவார்கள். சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வரும்போது புருவம்கூட வெளுத்திருக்கும். சந்து முழுவதும் சுக்குத் தூள் பறக்கும். புதிதாக வருகிறவர்கள் தும்மிக்கொண்டே வருவார்கள். யார் வீட்டுக்கு வெளியாள் வந்திருக்கிறார் என்பது தும்மலை வைத்தே தெரிந்துவிடும்.

அக்காவுக்குத் தை மாதத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடும் பஜாரில்தான், அரிசி மண்டி. ஐப்பசி மழை மதியத்துக்கு மேல் இடியோடு வரும். அப்படியொரு மதியம் அக்கா சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். மறுநாளும் அப்படியே. அம்மா அவளை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து வந்து கீழ் இமையை விரலால் பிதுக்கிப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் வெள்ளைச் சோற்றுப் பருக்கையை ஒரு சிரட்டையில் போட்டு அக்காவிடம் கொடுத்துக் கொல்லைக்கு அனுப்பினாள். சிரட்டை திரும்பி வந்தபோது சிறுநீரில் ஊறிய பருக்கைகள் மஞ்சளாக இருந்தன. அந்தக் காலத்தில் காமாலைக்கு அதுதான் பரிசோதனை. அம்மா சிரட்டையைக் கவிழ்த்துப் புதைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"வெளியில மூச்சு விட்டே, நாக்கை இழுத்து வச்சு அறுத்துடுவேன்."

அம்மா அப்படிப் பேசுகிறவள் அல்ல. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பக்கத்து டாக்டரின் வரிசையில் உட்கார்ந்தால் எதிர்க் கடைக்காரர் பார்ப்பார்; அவர் மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறை. காமாலை வந்த பெண்ணுக்கு ஈரல் போய்விடும், பிள்ளை தங்காது என்று அன்று ஒரு பேச்சு இருந்தது. அப்பாவும் அம்மாவும் சமையலறையில் தாழ்ந்த குரலில் பேசி முடிவெடுத்தது இதுதான்: யாருக்கும் தெரியாமல் பச்சிலை கொடுத்துக் குணப்படுத்துவது.

பள்ளுருத்தியில் காமாலைக்கு மருந்து கொடுக்கும் ஒரு வைத்தியக்காரம்மா இருந்தார். எனக்கு நாலு வயதில் காமாலை வந்தபோது அவர்தான் பச்சை நிறத்தில் ஓர் உருண்டை கொடுத்தாராம். அந்த ஆடி மழையில் அவர் இறந்துபோயிருந்தார். அது எந்தச் செடி என்று மகனிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் பலிக்காது என்பதில் அவர் அவ்வளவு உறுதியாக இருந்தார். ஊரில் எத்தனையோ பேர் அவருடைய உருண்டையைத் தின்றிருக்கிறார்கள், ஒருவரும் அந்தச் செடியைப் பார்த்ததில்லை. அப்பா மட்டும், என்னைத் தூக்கிக்கொண்டு போன அந்த நாளில், வைத்தியக்காரம்மாவின் குப்பைக்குழியில் ஒரு பூவைப் பார்த்திருந்தார்.

"மஞ்சப் பூ. சூரியகாந்தி மாதிரியே, ஆனா சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும்."

இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் எல்லாம் நடந்தது.

பெரியப்பாவுக்கு மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை. சத்தமாகப் பேசுகிற, கை நிறையத் தின்பண்டம் கொண்டுவருகிற மனிதர். ஏலக்காய் லாரியில் அவ்வப்போது மட்டாஞ்சேரிக்கு இறங்குவார். அப்பா அவரிடம் அந்தப் பூவைச் சொன்னார். பெரியப்பா தொடையைத் தட்டினார்.

"அட, இதுக்கா இவ்வளவு குசுகுசுப்பு? எங்க மலையில சோலை ஓரம் பூரா அதுதானே! புல்லுமேட்டுல நின்னா கண்ணு கூசும்."

அடுத்த லாரியிலேயே திரும்பி வந்தார். ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு பெரிய கட்டு. அவிழ்த்தபோது சமையலறையில் வேறொரு ஊரின் குளிர் இறங்கியது போல இருந்தது. மண் வாசம், அதற்கடியில் லேசாக ஒரு காரமான நெடி. தண்டுகள் முழ நீளம். தண்டுக்கு ஓர் இலை இந்தப் பக்கம், அதற்குச் சற்று மேலே ஓர் இலை அந்தப் பக்கம். இலையின் அடிப்பக்கம் வெள்ளையாக, தொட்டால் பஞ்சு போல இருந்தது. உச்சியில் தண்டு பல கிளைகளாகப் பிரிந்து ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் பூ. எல்லாமாகச் சேர்ந்து ஒரு குடை. அழகாகத்தான் இருந்தது. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

அப்பா ஒரு பூவைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இதுதானே?" என்றார் பெரியப்பா.

"மஞ்சள். பொத்தான் அளவு. இதேதான்" என்றார் அப்பா.

"இன்னொண்ணு கேளு. தோட்டத்து மாடு எதை வேணா மேயும், இதுல மட்டும் வாய் வைக்காது. அவ்வளவு வீரியம்!"

அம்மா பதறினாள். "மாமா, பேரு கீரு ஏதும் சொல்லிடாதீங்க."

"எனக்கே தெரியாதேம்மா. தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு?"

அம்மாவின் முகம் தெளிந்தது. கொண்டுவந்தவருக்கும் பெயர் தெரியாது, கொடுக்கப் போகிறவளுக்கும் தெரியாது, குடிக்கப் போகிறவளுக்கும் தெரியாது. இதைவிடப் பத்திரமான மருந்து உண்டா என்பது போல இருந்தது அவளுடைய நிம்மதி. இன்று யோசித்தால், அந்த அறையில் எல்லோரும் மகிழ்ந்தது யாருக்கும் எதுவும் தெரியாது என்பதற்காகத்தான்.

மறுநாள் விடியலில் தொடங்கினார்கள். காக்கை கத்துவதற்கு முன் இலையையும் பூவையும் அம்மியில் அரைத்து, ஆட்டுப்பாலில் கலக்கி, வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும். உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது. அம்மியில் அரைக்கும் சத்தத்தில் நான் விழிப்பேன். பித்தளை டம்ளரை அக்கா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கிக் குடிப்பாள். குடித்து முடித்ததும் தோள்கள் ஒருமுறை உதறிக்கொள்ளும். மிச்சக் கட்டைச் சமையலறைப் பரணில் விரித்து உலர வைத்திருந்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா வரப்போவதாகச் சொல்லி அனுப்பினார். அம்மா கஸ்தூரி மஞ்சளை உரசி அக்காவின் முகம், கழுத்து, கை எல்லாவற்றிலும் பூசினாள். மஞ்சளுக்கு மேல் மஞ்சள். கூடத்து ஜன்னலைச் சாத்தினாள். கண்ணை மட்டும் எதைப் பூசியும் மறைக்க முடியாதே.

"நிமிராதே. என்ன கேட்டாலும் தரையைப் பார்த்துக்கிட்டே பதில் சொல்லு."

அந்த அம்மாள் தும்மிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். சாயா குடித்தார். அக்காவை அருகில் உட்கார வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னடி, கை இப்படிச் சுடுது?"

"அடுப்படியிலேயே நிக்கறா, எவ்வளவு சொன்னாலும் கேக்கறதில்ல" என்றாள் அம்மா.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா! வந்ததுலேருந்து கண்ணை நிமித்தலயே. எங்க வீட்டுல மூத்த மருமக இருக்காளே, முறைச்சுப் பார்த்தாளானா பால் திரிஞ்சுடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கதவோரம் நின்று அக்காவின் இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை துடித்தன. ஒருமுறை நிமிர்ந்தால் போதும்.

அதற்குப் பின் அக்காவுக்கு வாந்தி தொடங்கியது. மருந்து பித்தத்தை வெளியே தள்ளுகிறது என்றார் அப்பா. வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்றாள் அக்கா. மருந்து ஈரலில் வேலை செய்கிறது என்றாள் அம்மா. என்ன நேர்ந்தாலும் அது மருந்து வேலை செய்வதற்கு அடையாளமாகிவிட்டது. அக்காவின் கையும் காலும் மெலிந்துகொண்டே வந்தன. வயிறு மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது.

ஒரு பிற்பகல், மின்சாரம் போயிருந்தது. இடி இடித்துக்கொண்டிருந்தது. பின்னறையின் துணித் திரைக்கு இந்தப் பக்கம் நான் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அம்மாவின் குரல்.

"உண்மையைச் சொல்லு. நான் அடிக்க மாட்டேன்."

"என்ன உண்மை?"

"தள்ளிப்போயிருக்கா?"

அக்காவின் வளையல் சுவரில் உரசியது.

"யாருடி? மண்டிக்காரப் பையனா, வேற யாராவதா? சாமி முன்னால சத்தியம் பண்ணு."

"அம்மா, எனக்கு நிக்க முடியலம்மா" என்றாள் அக்கா. "என்னை உக்காரவாவது விடு."

அன்று எனக்கு எதுவும் புரியவில்லை. அம்மா ஏன் அழுகிறாள், அக்கா ஏன் அழவில்லை என்பது மட்டும்தான் குழப்பம். ஈரல் கெட்டால் வயிற்றில் நீர் கோக்கும் என்று நான் தெரிந்துகொள்ளப் பல வருடங்கள் ஆயின. செத்துக்கொண்டிருந்த பெண்ணை நிற்க வைத்துச் சத்தியம் கேட்டிருக்கிறோம். அம்மாவுக்கும் அது பயம்தான். ஆனால் தவறான பயம்.

இனி மேல்வீட்டு டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாடியில் ஓர் அறையில் தனியாக வாடகைக்கு இருந்தார். ஏதோ ஒரு கல்லூரியில் தாவரவியல் டீச்சர், மலையாளி, முப்பது வயதுக்கு மேல், கல்யாணமாகாதவர். எங்களோடு பேசும்போது தமிழை இழுத்துப் பிடித்துப் பேசுவார். அவருடைய அறையில் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே செடிகள் மடித்து வைக்கப்பட்டு, மேலே செங்கல் அடுக்கியிருக்கும். கதவைத் திறந்தால் பாச்சை உருண்டை நெடி. சந்துப் பிள்ளைகள் அதைப் பிணவறை என்போம். "செத்ததையெல்லாம் சேர்த்து வச்சுக்கிட்டுத் தூங்கறா. கல்யாணப் பொண்ணு அவ நிழல்ல நிக்கக் கூடாது" என்று அம்மா சொல்லியிருந்தாள். நாங்கள் அவரைப் படியில் பார்த்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வோம்.

பரணில் கிடந்த பூக்கள் அதற்குள் முற்றியிருந்தன. மஞ்சள் போய், ஒவ்வொரு பூவும் வெள்ளைப் பஞ்சாக வெடித்தது. காற்று வீசும்போதெல்லாம் பஞ்சு பறந்தது. சோற்றுப் பானை மூடியில், தண்ணீர்க் குடத்தில், அக்காவின் தலையணையில். அம்மா துடைத்துக்கொண்டே இருந்தாள். பஞ்சு மாடிப்படி வழியாக மேலே போனது.

ஒரு சனிக்கிழமை காலையில் டீச்சர் கீழே இறங்கி வந்து எங்கள் கதவைத் தட்டினார். விரல் நுனியில் ஒரே ஒரு பஞ்சு. முகமெல்லாம் சந்தோஷம்.

"சேச்சி, இது உங்க வீட்டுலேருந்து வருதா? இது கொச்சியில வளருற சாதனம் இல்லல்லோ. மலைமேல இருக்கறது. செடி வச்சிட்டுண்டோ? ஒரு தண்டு தந்தா மதி, போதும். நான் வேற ஒண்ணும் கேக்கல."

அம்மா கதவைப் பாதி சாத்தினாள். "தலையணைப் பஞ்சு. பிரிச்சுத் தைக்கறோம்."

"இது எலவம்பஞ்சு அல்ல சேச்சி. கீழே விதை இருக்கு, நோக்கு..."

கதவு முழுவதும் சாத்தப்பட்டது. அம்மா தாழ்ப்பாள் மேல் கையை வைத்தபடியே நின்றாள். "மோந்து பார்த்துட்டா. பேரைச் சொல்லிடுவா போல இருக்கே" என்று முணுமுணுத்தாள்.

பேர் சொன்னால் பலிக்காது. பலிக்காவிட்டால் என்ன ஆகும் என்று நானே முடித்து வைத்திருந்தேன்: அக்கா செத்துப்போவாள். ஆகவே மாடியில் இருக்கும் அந்தப் பெண் வாயைத் திறந்தால் அக்கா சாவாள். எனக்கு அது கணக்குப் பாடம் போலத் தெளிவாக இருந்தது.

அன்று அம்மா ஆட்டுப்பால் வாங்கப் போனதும் அக்கா என்னைக் கூப்பிட்டாள். குரல் சுருங்கியிருந்தது.

"பரண்ல ஏறு. இலை, பூ எல்லாம் இருக்கற மாதிரி ஒண்ணு எடு. மேல கொண்டு போ."

"எதுக்கு?"

"அது என்னன்னு கேளு."

நான் அழத் தொடங்கினேன். "கேட்டா நீ செத்துப்போயிடுவே."

அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அந்த வெள்ளை விழியில் வெள்ளையே இல்லை.

"கேக்காமயே இப்ப அதைத்தானேடி பண்ணிக்கிட்டிருக்கேன்? பேரு தெரியாம சாகறதுக்குத் தெரிஞ்சே சாகறேன். போ."

தண்டைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு படி ஏறினேன். பிணவறைக் கதவை நான் தட்டியது அதுவே முதல் தடவை. டீச்சர் தண்டைப் பார்த்ததும் "என்டெ பொன்னு மோளே!" என்று என்னையே தூக்கிவிடப் பார்த்தார். மேசையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, உடைத்த பிளேடு ஒன்றையும் ஊசியையும் எடுத்தார். நான் வாசலிலேயே நின்றேன்.

"டீச்சர், பேரை மட்டும் சொல்லாதீங்க."

"பேரு சொல்லாம பின்ன எந்தினா கொண்டுவந்தது?" என்று சிரித்தார். பூவைப் பிளேடால் நடுவில் பிளந்தார். "இங்க நோக்கு. இது ஒரு பூ அல்ல கேட்டோ. உள்ள குத்தி நிறுத்தின மாதிரி இருக்கே, அது ஒவ்வொண்ணும் ஒரு பூ. சூரியகாந்தி குடும்பம். வெளியில பச்சையா கிண்ணம் மாதிரி, ஒரே வரிசை. நுனியில மை தொட்ட மாதிரி கறுப்பு. எலை மாறி மாறி வருது, ஜோடியா இல்ல. விதையில வெள்ளப் பஞ்சு." பேசப் பேசக் குரலில் வேகம் கூடியது. "நம்ம மலையோட சொந்தச் செடி. வெளியிலேருந்து வந்த களை அல்ல. சொல்லட்டே?"

நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அழுத்திப் பொத்தியும் அது உள்ளே வந்துவிட்டது.

"செனிசியோ. எந்தச் செனிசியோன்னு சொல்ல அடியில உள்ள எலை வேணும். எவிடெ, பாக்கி செடி எல்லாம் எவிடெ?"

"அக்கா குடிச்சுட்டா" என்றேன்.

ஊசி அவர் கையிலேயே நின்றது.

"எந்தா?"

"காமாலைக்கு. தினமும் காலையில. பால்ல."

அதுவரை நான் பார்த்த பயங்கள் எல்லாம் வீட்டுப் பயங்கள்: அடி விழும், ஊருக்குத் தெரியும், கல்யாணம் நிற்கும். டீச்சரின் முகத்தில் வந்தது வேறு. அவர் செருப்பைக்கூடப் போடவில்லை. தண்டைக் கையில் பிடித்தபடி படியில் ஓடினார்.

அம்மா பால் செம்போடு உள்ளே நுழையவும் நாங்கள் இறங்கவும் சரியாக இருந்தது. டீச்சர் நேராக அக்காவிடம் போய்ப் போர்வையை விலக்கி வயிற்றைப் பார்த்தார். விரலால் ஒரு பக்கம் மெல்லத் தட்டினார்.

"யாரு உள்ள விட்டது? வெளியில போ!" என்று அம்மா கத்தினாள்.

"சேச்சி, இது நீங்க நினைக்கற மருந்து அல்ல. பள்ளுருத்தியில அவங்க குடுத்தது மஞ்ஞக் கய்யோன்னியா இருக்கும். மஞ்சக் கரிசலாங்கண்ணி. வயல்ல வளருறது. ரெண்டும் ஒரே குடும்பம், பூ கண்டா ஒரே மாதிரி. பட்சே இது வேற. இந்தச் செடி ஈரலைக் கெடுக்கும். தின்ன மாடு சாகும். இதுக்குப் பேரு..."

அம்மா செம்பைக் கீழே போட்டாள். பால் தரையில் ஓடியது. பாய்ந்து போய் அக்காவின் காதுகளை இரண்டு உள்ளங்கையாலும் பொத்தினாள்.

"சொல்லாதே! எம்பொண்ணு காதுல விழற மாதிரி அதைச் சொல்லாதே! உனக்குப் புண்ணியமாப் போகும்!"

டீச்சர் வாயை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாக, "சொல்லல. பேரு சொல்லல. குடிக்கறத நிறுத்துங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. அது மதி" என்றார்.

என்னை அப்பாவைக் கூப்பிட ஓடச் சொன்னார்கள். கிடங்கு முற்றத்தில் சுண்ணாம்புத் தொட்டிக்கு அருகே அவர் நின்றிருந்தார். நான் சொன்னதும் அப்படியே வெள்ளையாக வந்தார். டீச்சர் பேசியதை முழுவதும் கேட்டார். அம்மா, "ஆஸ்பத்திரிக்குப் போனா மண்டிக்காரங்களுக்குத் தெரிஞ்சுடும்" என்றாள். அப்பா பரணை அண்ணாந்து பார்த்தார். பிறகு டீச்சரின் கையிலிருந்த தண்டை வாங்கி வெகுநேரம் திருப்பிப் பார்த்தார்.

"நான் பார்த்தது பூவை மட்டும்தான். இலையைப் பார்க்கவே இல்லையே" என்றார்.

"மாடு தொடாதுன்னு மாமா சொன்னாரே" என்றாள் அம்மா. சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவளுக்கே கேட்டது போல இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அப்பா டாக்ஸி கொண்டுவந்தார்; அது சந்துக்குள் நுழையாது. பஜாரின் நடுவில், பட்டப்பகலில், அக்காவைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார். கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அக்காவின் புடவையெல்லாம் அப்பாவின் சுண்ணாம்பு. அரிசி மண்டிக்கு முன்னால்தான் வண்டி திரும்ப வேண்டியிருந்தது. அம்மா இந்தத் தடவை அக்காவின் முகத்தை மறைக்கவில்லை.

பாலத்தைத் தாண்டும்போது அக்கா என் பக்கம் திரும்பி உதட்டை மட்டும் அசைத்தாள். என்ன பேரு? மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். என் வாய்க்குள் அது இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். தும்மல் வந்தால்கூட வெளியே விழுந்துவிடும் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டேன். எறணாகுளம் போய்ச் சேரும்வரை நான் எதுவும் பேசவில்லை. டீச்சர் முன்சீட்டில் அந்தத் தண்டைச் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் அவர் டாக்டரோடு தனி அறைக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டு இங்கிலீஷில் பேசினார்கள். டாக்டர் வெளியே வந்து அப்பாவிடம் சொன்னதை அப்பா பிற்பாடு பலமுறை திருப்பிச் சொல்லியிருக்கிறார். காமாலை எவ்வளவு செய்தது, இலை எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இலைக்கு மாற்று மருந்து எதுவும் இல்லை. நிறுத்தியாயிற்று; வயிற்று நீரை எடுத்துவிட்டு, ஈரல் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டியதுதான்.

அக்கா பிழைத்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது எங்களுக்குத் தெரிய வாரக்கணக்கில் ஆனது. கல்யாணம் நின்றது, மண்டி வீட்டிலிருந்து ஆள் வந்து நாசூக்காகச் சொல்லிவிட்டுப் போனார். பெரியப்பாவிடம் கடைசிவரை யாரும் உண்மையைச் சொல்லவில்லை. தம் பூதான் அவளைக் காப்பாற்றியது என்று நம்பியபடியே அவர் போய்ச் சேர்ந்தார். ஆனால் நான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தது வேறொரு காட்சிக்காக.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் காலை. பெண்கள் வார்டு. பினாயில் வாசம், கம்பி ஜன்னல் வழியாக வெயில். அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். வயிறு போர்வைக்கு அடியில் மேடாக இருந்தது. அப்பா மருந்து வாங்கப் போயிருந்தார். டீச்சர் மட்டாஞ்சேரிக்குத் திரும்பியிருந்தார். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து அந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாளிலிருந்து அவள் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"அந்தப் பச்சிலை இன்னும் உள்ளதானே இருக்கு?" என்றாள்.

நான் அக்காவின் காலடியில் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"அந்த டீச்சரம்மா பேரைச் சொன்னாளா உங்கிட்ட?"

இல்லை என்று தலையாட்ட நினைத்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். என் மணிக்கட்டைப் பிடித்து அருகில் இழுத்தாள்.

"சொல்லு."

"அம்மா, சொன்னா பலிக்காது."

"அதுக்குத்தான் கேக்கறேன்" என்றாள் அம்மா. "பலிக்க வேணாம். சொல்லு."

சொன்னேன். ஒரு நாள் முழுக்க அடைத்து வைத்திருந்ததால் சத்தமாக வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள்.

அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள். போர்வையை விலக்கி, அக்காவின் வயிற்றுக்கு மிக அருகில் வாயைக் கொண்டுபோனாள்.

"சென்சியோ."

"செனிசியோ" என்றேன்.

"செனிசியோ" என்றாள் அம்மா. "செனிசியோ. செனிசியோ." ஒருவனை ஊர் நடுவில் நிறுத்திப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல ஒவ்வொரு தடவையும் குரல் கூடியது. நர்ஸ் வந்து பார்த்தாள். ஏதோ சாமி பெயர் என்று நினைத்து விலகிப் போனாள். வெயில் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தது. அம்மாவின் உதடு வறண்டு வெடித்திருந்தது.

அக்கா கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"போதும்மா. அதுக்கும் காது கேட்டிருக்கும்."

அம்மா நிறுத்தவில்லை.